நன்னூலும் கணினிக் காற்பந்தும்: ஆட்டக்காரன் வளரும் வகை

பந்தை உதைக்காமலே காற்பந்து ஆடும் பிள்ளைகள் இன்று பெருகிவிட்டனர். கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். மாலையில் திடலுக்குப் போகவேண்டிய பையன் கணினியின் முன் அமர்ந்து, ஒரு குழுவுக்குப் பயிற்றுநனாகித் தன் ஆட்டக்காரர்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருக்கிறான். பெற்றோர் இதனை வீண்பொழுது என்பர்; ஆசிரியர் சிலரும் அவ்வாறே கருதுவர். ஆயினும் இவ்விளையாட்டினுள் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. ஓர் இளைஞனின் திறன் எதனால் ஏறுகிறது, எதனால் நின்றுவிடுகிறது என்பதற்கு எண்ணால் விடை கூற முயல்வது அக்கொள்கை. நன்னூலின் பாயிரத்தைக் கற்பித்த தமிழாசிரியர்க்கு அது முற்றிலும் புதிதன்று.

இத்தகைய பாவனை விளையாட்டுகளுள் இரண்டு வகை எடுத்துக்காட்டுக்கு ஏற்றவை. ஒன்று அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தைப் பற்றியது. பெயர் காற்பந்து என்றாலும் அது நம் நாட்டார் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 2013-இல் வெளிவந்த பதிப்போடு நின்றுபோன அவ்விளையாட்டு, 'காலேஜ் ஃபுட்பால் 25' என்னும் பெயரில் 2024 ஜூலையில் மீண்டும் வெளிவந்தது. மாணவ ஆட்டக்காரரின் பெயரையும் உருவத்தையும் காசு கொடாமல் பயன்படுத்தலாமா என்னும் வழக்கே இடையில் அது நின்றதற்குக் காரணம். புதிய பதிப்பில் ஒப்புதல் தந்த மாணவர்க்குத் தலைக்கு 600 டாலர் கொடுக்கப்பட்டது. மற்றொன்று 'ஃபுட்பால் மேனேஜர்'. இது நம்மவர் அறிந்த காற்பந்து. இங்கிலாந்தில் காலியர் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1992-இல் வேறொரு பெயரில் வெளியிட்ட விளையாட்டின் வழிவந்தது.

கல்லூரி விளையாட்டில் வளர்ச்சி என்பது ஏன் தலையாய சிக்கலாகிறது? மாணவன் கல்லூரியில் தங்கும் காலம் குறுகியது. நெடுங்காலம் நிலவிய விதிப்படி அவன் ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவங்களே ஆடலாம். அதற்குள் வளர்ந்தால் உண்டு. இல்லையேல் அவன் போய்விடுவான், அவன் இடத்தில் வேறொருவன் வருவான். ஆறாண்டுக்கு ஒருமுறை வகுப்பே காலியாகும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இந்நிலை விளங்கும். ஆதலின் விளையாடுவோன் மூன்றை எண்ணியாக வேண்டும்: உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுள் எவனைத் தேர்வது, தேர்ந்தவனை எவ்வாறு பழக்குவது, எப்போது களத்தில் இறக்குவது. பிள்ளைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன் இட்டிருக்கும். ஆனால் அம்மதிப்பு வெளித்தோற்றமே. ஆளனுப்பி உற்றுப் பார்த்தால் சிலன் மாணிக்கம் என்று தெரியவரும். சிலன் வெறும் பேர் என்று தெரியவரும். மேலும், ஒவ்வொருவனுக்கும் வளரும் வேகம் நான்கு படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே பயிற்சி பெற்றும் ஒருவன் விரைந்து ஏறுவதும் மற்றவன் ஊர்வதும் இதனால்.

'ஃபுட்பால் மேனேஜர்' இதனை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. ஓட்டம், பந்துக் கட்டுப்பாடு, கடத்தல், துணிவு முதலிய பண்புகளுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. அவற்றுக்கு அடியில், விளையாடுவோன் கண்ணுக்குத் தெரியாமல், இரண்டு பெரிய எண்கள் உள்ளன. ஒன்று இப்போதுள்ள திறன். மற்றொன்று என்றேனும் எட்டக்கூடிய உச்சம். இரண்டும் 200-க்கு உட்பட்டவை. முதலாவது எண் ஏறும், இறங்கும். இரண்டாவது எண் ஆட்டம் தொடங்கியபின் மாறுவதில்லை. உச்சம் 120 என்று குறிக்கப்பட்ட பையன் உலகிலேயே சிறந்த பயிற்றுநனிடம் சேர்ந்தாலும் 120-ஐத் தாண்டான்.

விதியே போன்ற இவ்வெண்ணில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிக இளைய ஆட்டக்காரன் எவ்வளவு உயர்வான் என்று துணிய முடியாதபோது, தரவு தொகுப்போர் அவனுக்கு ஒரே எண்ணை இடாமல் ஒரு வரம்பை மட்டும் இட்டுவைப்பர். விளையாட்டை ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் அவ்வரம்புக்குள் ஏதோ ஓரெண் சீட்டுப்போட்டாற்போல விழும். ஒரு முறை மேதையானவன் மறுமுறை நடுத்தரனாவான். ஆக, பதினாறு வயதுப் பையனின் உச்சத்தைக் கூற இயலாது என்பதை விளையாட்டைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டுள்ளனர். ஆயினும் கணக்கு ஓட ஏதேனும் ஓரெண் வேண்டுமே! அதற்காக வைத்த எண் அது.

இனி, நன்னூலுக்கு வரலாம். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னத்துக்கும் பசுவுக்கும், மண்ணுக்கும் கிளிக்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றுக்கும் ஒப்பிட்டுத் தலை, இடை, கடை என மூவகையாக்கியதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். வகுப்பறையில் எளிதில் நினைவுக்கு வருவது இந்நூற்பாவே. 'இவன் எருமை, இவன் நெய்யரி' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அதே பாயிரத்தில், சற்றுத் தள்ளி, அதனினும் பயனுடைய ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியன் சொன்னதை ஒருவன் முழுமையாகக் கொண்டாலும் அவனுக்கு வருவது புலமையில் காற்பங்கே. உடன்கற்போரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அது. வகைப்பாட்டு நூற்பா மாணாக்கன் எத்தகையன் என்று கூறுகிறது. பங்கீட்டு நூற்பா அவன் எவ்வாறு ஆகிறான் என்று கூறுகிறது. அவ்வகைப்பாடு பிறவியிலேயே அமைந்தது என்றோ, மாறாதது என்றோ அந்நூற்பா சொல்லவில்லை. படிப்போர் தாமாக ஏற்றிக்கொண்டது அது.

இப்பங்கீட்டைக் கணினி விளையாட்டின் அருகில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் வியக்கத்தக்கது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவனுக்குப் பயிற்சி வசதியும் நல்ல பயிற்றுநனும் பெரிதும் உதவும். அதன்பின் மிகுந்த அளவில் திறனை உயர்த்துவது, தன் தரத்துக்கு ஏற்ற போட்டிகளில் நிமிடக்கணக்காக ஆடுவதே. ஆடாமல் ஓரத்தில் அமர்ந்திருப்பவன் எத்துணைப் பயிற்சி பெற்றாலும் தேங்கிவிடுவான். மூத்த ஆட்டக்காரன் ஒருவனோடு இளையவனைச் சேர்த்துப் பழகவிட்டால் அவனுடைய ஒழுங்கும் ஊக்கமும் இளையவனிடம் படியும் வகையும் அதில் உண்டு. ஆசான், உடன்கற்போர், எடுத்துரைத்தல் என்னும் மூன்றும் இங்கே பயிற்சி, தோழமை, போட்டி என்று நிற்கின்றன. காற்பந்தில் எடுத்துரைத்தல் என்பது களத்தில் இறங்கி ஆடுவதன்றி வேறென்ன?

இக்கணக்கைக் கொண்டு வட சிலாங்கூர்த் தோட்டத் திடல்களை அளந்து பார்க்கலாம். சிலாங்கூர் ஆற்றின் இருபுறத்திலும் ஒரு காலத்தில் ரப்பர்க் காடு பரந்திருந்தது. தோட்டத்தார் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருள் பிரியும்போதே பால் வெட்டத் தொடங்குவர். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். நண்பகல் அளவில் பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை பெரும்பாலும் முடிந்தது. வேலை கொடியது, கூலி குறைவு. எனினும் மாலைப்பொழுது தொழிலாளியின் கையில் இருந்தது. லயங்களுக்கு அருகே ஒரு திடலும் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையனும் முப்பது வயது வெட்டுக்காரரும் அதில் ஒன்றாக ஆடினர். வயதுப் பிரிவு பார்க்க ஆளும் இல்லை. பார்த்தால் இரண்டு குழு சேர்வதற்கு ஆளும் இல்லை. பெரியவர்களின் தோளிலும் முட்டியிலும் மோதி விழுந்து எழுந்த பையன், உடல்வலி போதாமையால் பந்தை விரைவில் கைமாற்றக் கற்றான். பக்கத்துத் தோட்டத்தாரோடு கிண்ணப் போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆள் குறைந்தால் அவனும் இறங்குவான்.

நன்னூற் கணக்கில் இப்பையனுக்கு என்ன மதிப்பெண்? பயிற்றுநன் இல்லை, ஆதலின் முதற் காற்பங்கு சுழி. தோழமைக்கு இருபத்தைந்து. போட்டிக்கு ஐம்பது. ஆக எழுபத்தைந்து. இன்றைய பையனைக் காண்க. பள்ளியில் வாரம் ஒருமுறை பயிற்சி தருவார் ஒருவர் இருக்கிறார் என்றும், அவர் சொல்வதை அவன் முழுமையாகக் கொள்கிறான் என்றும் வைத்துக்கொண்டால் இருபத்தைந்து. மாலையில் உடன் ஆட மூத்தோர் இல்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு போட்டிகள் கிடைத்தால் பேறு. ஐம்பதை எட்டுவதே அரிது. இதனைக் கணிதம் என்று கொள்ளற்க, ஒப்புமையே. பழைய பையனைப் பயிற்றுநனின்றி வளர்த்தது எது என்பதை இவ்வொப்புமை காட்டுகிறது.

அத்திடல்கள் எவ்வாறு வெறுமையாயின? விடை கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே முளைத்தது எனலாம். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது, 1917-இல், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே. மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சு நாட்டின் கொன்கூர்ப் பரிசு பெற்றது. தோட்டத்தின் பெயர் தமிழாய் ஒலிக்கிறது, பரிசு பெற்றதோ பிரெஞ்சு மொழி என்பதை எண்ணுவோர் எண்ணிக்கொள்க. 1960-களுக்குப் பின் ரப்பரை அழித்துச் செம்பனை நடுவது நாடெங்கும் விரைந்தது. ரப்பருக்கு வேண்டிய அளவு ஆள் செம்பனைக்கு வேண்டியதில்லை. ஆள் குறைந்தால் குடும்பம் குறையும். குடும்பம் குறைந்தால் பிள்ளை குறையும். பிள்ளை குறைந்தால் குழு சேராது. பின்னர் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். 1990-களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்குப் போயின. புஞ்சாக் ஆலம் நகரம் எழுந்ததும் தோட்ட நிலத்தின் மீதே. லயங்களை விட்டு வெளியேறியோர் கிள்ளான், ராவாங், ஈஜோக் எனப் பிரிந்தனர். புது வீட்டில் மின்விளக்கும் குழாய்நீரும் மேம்பட்டன. ஆனால் திடல் கூட வரவில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துச் சிறுதளத்தில் ஐவர் ஐவராக ஆடும் வழக்கம் வந்தது. அதில் பந்து காலில் படும் முறை மிகுதி என்பது உண்மைதான். வாடகைக் காசு இல்லாத பையனுக்கு அவ்வுண்மையால் பயனில்லை.

பள்ளிகளின் கணக்கும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்கும் குறைவு. எஞ்சியவற்றுள் பலவும் 150-க்கும் குறைந்த மாணவரைக் கொண்டவை. அறுபது பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்க. ஏறத்தாழ முப்பதின்மர் ஆண்பிள்ளைகள். அவருள் மேல் மூன்று வகுப்பினர் பதினைவர். பதினொருவர் குழுவுக்கு நால்வரே மிச்சம். இதில் ஒரு நன்மை மறைந்திருக்கிறது: பெரிய பள்ளியில் ஓரத்தில் உட்கார்ந்தே ஆறாண்டையும் கழிக்கும் பையன் இங்கே களத்தில் நிற்பான். பல்கலைக்கழகப் பெருங்குழுவில் மூன்றாம் ஆளாய்த் தேங்குவதை விடச் சிறு கல்லூரியில் முதல் ஆளாய் ஆடுவது மேல் என்பதைக் கணினி விளையாட்டு ஆடியோர் நன்கு அறிவர். குறை யாதெனின், அச்சிறு பள்ளிக்குத் தரமான எதிர்க்குழு அடிக்கடி கிடைப்பதில்லை.

உண்மையான உடைவு பதின்மூன்றாம் வயதில் நேர்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பையன் நகரத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். பள்ளி நண்பகலுக்குப்பின் முடிகிறது. காற்பந்துப் பயிற்சியோ மாலையில். தோட்டத்துக்குப் போகும் பள்ளிப் பேருந்து அதுவரை நிற்பதில்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பிவர வேறு வண்டி இல்லை. பேருந்தைத் தவறவிட்டுப் பயிற்சிக்கு நிற்பதா, பயிற்சியைத் தவறவிட்டு வீட்டுக்குப் போவதா என்பதைப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே வாழும் பிள்ளை நாள்தோறும் தேர வேண்டும். எந்தக் கணினி விளையாட்டிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. அங்கே ஆட்டக்காரன் பயிற்சிக்கு வந்தே தீருவான்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 'சிவப்புச் சட்டை' ஆண்டு என ஒன்று உண்டு. இளைஞனை ஓராண்டு போட்டிகளில் ஏறத்தாழ இறக்காமல், பயிற்சி மட்டும் கொடுத்து உடல் தேற வைப்பர். ஆடும் உரிமையில் அவ்வாண்டு கழிபடாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைக்குச் சென்ற பிள்ளைகள் பலர் நெடுங்காலம் கடந்துவந்த புகுமுக வகுப்பும் கூடுதலான ஓராண்டே. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. பள்ளிப் போட்டிகள் 12, 15, 18 என வயதுப்படி பிரிக்கப்பட்டவை. ஆதலின் புகுமுக வகுப்பில் கழிந்த ஆண்டு படிப்பில் ஒரு படி பின்தள்ளியதே அன்றி ஆட்டத்தில் ஒரு நாளையும் கூட்டித் தரவில்லை. பதினெட்டு வந்தபோது ஆடும் காலம் முடிந்தது. படிக்கும் காலம் மட்டும் எஞ்சி நின்றது.

திறன் இருந்தும் காணப்படாமல் போவது மற்றொரு செய்தி. 'காலேஜ் ஃபுட்பால்' விளையாட்டில் ஒவ்வொரு கல்லூரிக்கும் சில வட்டாரங்களோடு பழைய உறவு உண்டு. குழாய்வழி என்பது அதன் பெயர். அவ்வட்டாரத்துப் பிள்ளை எளிதில் அக்கல்லூரிக்கு வந்து சேருவான். குழாய் இல்லாத ஊரில் எத்துணைச் சிறந்தவன் பிறந்தாலும் அவனைக் கொண்டுவருவது கடினம். 'ஃபுட்பால் மேனேஜர்' விளையாட்டிலோ ஆண்டுதோறும் புதிய இளைஞர் ஒரு கழகத்தின் வாயிலாகவே தோன்றுவர். எத்தகையோர் தோன்றுவர் என்பதை அக்கழகத்தின் இளையோர் வசதியும், நாட்டின் இளையோர் மதிப்பும் முடிவு செய்யும். கழகத்தோடு தொடர்பில்லாத சிற்றூரில் ஆட்டக்காரனே பிறப்பதில்லை! விளையாட்டின் குறை என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் நாட்டு நடப்பு இதற்கு எவ்வளவு தொலைவில் உள்ளது?

மலேசியாவில் குழாய்வழி சில அமைந்ததுண்டு. 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் மாவட்ட அளவிலேயே சிறுவரைச் சேர்த்துப் பழக்க முற்பட்டது. தேர்ந்தவர் பகாங் மாநிலத்துக் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி கழகத்துக்குச் செல்வர். அங்கும் முதற்படி மாவட்ட நிலையத்துக்குப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்பதே. இந்தியச் சமூகத்தின் வழியாக எழுந்தது மிஸ்க்-மிஃபா குழு. 2016-இல் மூன்றாம் நிலைக் கூட்டிணைப்பில் வாகை சூடி, மறு ஆண்டு பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் புதுப்பெயரோடு சூப்பர் லீக்கை எட்டியது. 2021, 2022 பருவங்களில் வெளிநாட்டார் ஒருவரையும் சேர்க்காமல் உள்நாட்டினரைக் கொண்டே அது ஆடியது. வெளிநாட்டு ஆட்டக்காரர் பிடித்துக்கொள்ளும் நிமிடங்கள் அனைத்தும் உள்நாட்டு இளைஞர்க்குக் கிடைத்தன. 2022 முடிவில் அக்குழு கூட்டிணைப்பிலிருந்து விலகியது. அந்நிமிடங்களும் அதனோடு போயின.

ஆடும் நிமிடம் என்ன செய்யும் என்பதற்குக் கே. ராஜகோபாலின் பணி சான்று. அவர் பயிற்றுவித்த இளையோர் குழு 2009-இல் லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அவ்விளைஞரைக் கலைக்காமல், மூத்தோர் வரும்வரை காத்திருக்கவும் செய்யாமல், அவர்களுள் பலரையே தேசியக் குழுவில் இறக்கினார். 2010 திசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் 4-2 என வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாகப் பெற்றது. உடன்கற்போர் கலையாதிருந்ததும், அரைப்பங்கு களத்திலேயே கிடைத்ததும் இதில் தெளிவு.

எண் எட்டாத ஒன்றும் உண்டு. சிலாங்கூர்க் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை நீண்ட கைகளுக்காகச் 'சிலந்தி மனிதர்' என்று இரசிகர் அழைத்தனர். 1980 ஏப்ரல் 6-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர் அவர். அரசு புறக்கணிப்பில் சேர்ந்ததால் அக்குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. உச்சத்தில் இருந்த ஓர் ஆட்டக்காரனுக்கு மிகப் பெரிய அரங்கு கிடைக்காமற்போவதை எந்தப் பாவனை விளையாட்டும் கணக்கிடுவதில்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார்.

'ஃபுட்பால் மேனேஜர்' எண்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. பல நாடுகளில் காற்பந்தில் பற்றுடையோர் திடலோரம் நின்று பார்த்து, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் மதிப்பிட்டு அனுப்பியவை. பன்னிரண்டு வயது தோட்டப் பையனுக்கு அவ்வாறு திடலோரம் நிற்பவர் பள்ளியாசிரியர் ஒருவரே. அவர் ஒரு குறிப்பேடு வைத்தால் அதில் விண்மீன் இட வேண்டியதில்லை. உச்சம் எவ்வளவு என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை. அவ்வாண்டில் அப்பையன் ஆடிய போட்டிகள் எத்தனை, ஆடிய நிமிடங்கள் எத்தனை, தன்னினும் மூத்தாரோடு ஆடிய மாலைகள் எத்தனை என்னும் மூன்று பத்திகள் போதும். அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நாளில் அப்பக்கத்தின் படியை அங்குள்ள விளையாட்டு ஆசிரியரிடம் கொடுத்தனுப்பலாம். நான்காவதாக ஒரு பத்திக்கு இடம் இருக்குமானால், தோட்டத்துக்குப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை அதில் எழுதிவைக்கலாம்.